பதினோரு தையலும் பன்னிரண்டு மாநிலங்களும்

மெர்ல் உன்ரூவின் இடது முன்கையில் இருந்த பதினோரு தையல்களும் கான்சஸ் மாநிலத்தில் போடப்பட்டவை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆணையம் கடைசிவரை மறுக்கவில்லை.

அறுவடை மிஷினின் முன்னால் கதிர் வெட்டும் பல்வரிசையில் கல் ஒன்று சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்தாமல் அங்கே கை வைக்கக் கூடாது என்று தன்னிடம் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பாடம் எடுப்பவர் மெர்ல். அன்றும் நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தார். ஆனால் நின்றுபோன பல்லும் பல்தானே. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டது.

அவருடைய தம்பி மனைவி ஜோலீன்தான் தைத்தாள். அவள் மருத்துவ உதவியாளர். அதாவது டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நோயாளியைச் சோதிப்பாள், மருந்து எழுதுவாள், எலும்பைச் சேர்த்துக் கட்டுவாள், டாக்டர் செய்கிற வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிட்டு, நான் டாக்டர் இல்லை என்று பணிவாகச் சொல்லிக்கொள்வாள். குளிர்காலம் முழுக்க கான்சஸில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. கோடை வந்தால் குடும்பத்தோடு கோதுமையின் பின்னால் கிளம்பிவிடுவாள்.

உன்ரூ குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு கதிர்கூடக் கிடையாது. ஊரார் கோதுமையை அறுத்துக் கொடுப்பதுதான் தொழில். தெற்கே டெக்சாஸில் முதலில் பழுக்கும் கோதுமை, ஒவ்வொரு மாநிலமாகப் பழுத்துக்கொண்டே வடக்கே டகோட்டா வரைக்கும் போகும். மேலே இருந்து பார்க்க முடிந்தால், ஒரு பொன் அலை மெல்ல மெல்ல வடக்கே நகர்வதும், அதன் ஓரத்தை நாலு பச்சைப் பூச்சிகள் கடித்துக்கொண்டே கூடப் போவதும் தெரியும். அந்தப் பூச்சிகள் மெர்லின் மிஷின்கள். பின்னாலேயே லாரிகள், படுக்கை வண்டிகள், மெர்லின் மனைவி வனீட்டா சமைக்கிற அடுக்களை வண்டி.

அடுக்களை வண்டியின் மேசையில் கையை நீட்டி வைத்துக்கொண்டு மெர்ல் தையல் போட்டுக்கொண்டார். மேசையின் மறுகோடியில் வனீட்டா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பத்து நாளில் பிரித்துவிடலாம் என்று ஜோலீன் சொன்னாள்.

பத்தாம் நாள் அவர்கள் நெப்ராஸ்காவில் இருந்தார்கள்.

இதில் யாருடைய தவறும் இல்லை. கோதுமை பழுத்துவிட்டது, வந்துவிட்டார்கள். ஜோலீன் அதே மேசையில் அதே கையை வைத்து, கத்தரிக்கோலை எடுத்து, முதல் முடிச்சின் மேல் கொண்டுபோய், அப்படியே நின்றாள்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லாத வயல்வெளியில்கூட, நிறுத்தல் பலகையைக் கண்டால் வண்டியை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறவள் அவள். கான்சஸ் உரிமத்தை வைத்துக்கொண்டு நெப்ராஸ்காவில் கத்தரிக்கோல் பிடிக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது. இந்த ஆண்டு அதற்கு விடிவு பிறந்திருந்தது. பன்னிரண்டு மாநிலங்கள் சேர்ந்து மருத்துவ உதவியாளர்களுக்காக ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒரு மாநிலத்தில் உரிமம் இருந்தால் போதும். மற்ற பதினொன்றிலும் வேலை பார்க்க அனுமதி தருவார்கள். இதை நடத்துவதற்கென்றே மாநிலங்களிடை ஆணையம் ஒன்று. அதன் அறிக்கை ‘எல்லைகள் இனி உங்களுக்கு இல்லை’ என்று ஆரம்பித்தது. ஜோலீன் வசந்தத்திலேயே விண்ணப்பித்திருந்தாள். பதில்தான் வரவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டுடறேனே,” என்றாள்.

“கத்தரிக்கோல எடுத்தப்புறம் யாரும்மா போன எடுப்பாங்க?” என்றார் மெர்ல்.

அவள் எடுத்தாள். அந்தக் கோடையில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

ஆணையத்தின் செயலர் ஒரு பெண்மணி, பெயர் ஆர்டித் க்ளெம். துவைத்து மடித்த துண்டுபோல மென்மையான குரல். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப நல்ல கேள்வி,” என்றார். இந்தச் சொற்களைக் கேட்டாலே கை அரிக்க ஆரம்பிக்கும் நிலை மெர்லுக்குப் பின்னால் வந்தது. அன்றைக்கு அவருக்கு அது தெரியாது; பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“ஒப்பந்தம் அமலுக்கு வந்தாச்சும்மா,” என்றார் க்ளெம். “செயல்பாட்டுக்குத்தான் இன்னும் வரல.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஜோலீன் கேட்டாள். அமல் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கேக் வெட்டி, புகைப்படம் எடுத்துக்கொள்வது; செயல்பாடு என்றால் அது வேலை செய்வது; இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று க்ளெம் பொறுமையாக விளக்கினார். அப்படியென்றால் பழைய மாதிரி அந்தந்த மாநிலத்திடமே தற்காலிக அனுமதி கேட்கலாமா? கேட்க முடியாது. ஒப்பந்தத்துக்கு மரியாதை செய்யும் விதமாக எல்லா மாநிலங்களும் அந்த ஜன்னலை மூடிவிட்டன.

அது போகட்டும், தையல் பிரிப்பது புது சிகிச்சையா, பழைய சிகிச்சையின் முடிவா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை என்றார். பழையதன் முடிவு என்றால் அது கான்சஸில் முடிய வேண்டும். புதுசு என்றால் நெப்ராஸ்காவில் தொடங்கியிருக்க வேண்டும்.

மெர்ல் போன் பக்கம் குனிந்தார். “அப்ப இதை யாருதாங்க பிரிக்கலாம்?”

“லைசன்ஸ் இல்லாத யாரு வேணாலும் பிரிக்கலாம் சார். உங்க வீட்டம்மா பிரிக்கலாம், லாரி டிரைவர் பிரிக்கலாம், நீங்களே பிரிச்சுக்கலாம். அவங்க மேல எங்களுக்கு அதிகாரமே கிடையாது. ஜோலீன் மட்டும்தான் கூடாது. அவங்களுக்குப் பிரிக்கத் தெரியுமே.”

வனீட்டா இதைக் கேட்டதும், கோழி வெட்டுகிற கத்தரிக்கோலை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். வழிகாட்டுவதும் மருத்துவத் தொழில்தான் என்பதால் ஜோலீன் ஜன்னல் பக்கம் திரும்பி, அடிவானத்தைப் பார்த்து நின்றாள்.

“ஒரு நிமிஷம்,” என்றது போன். ஜோலீன் கேள்வி கேட்டுவிட்டதால் விசாரணை தொடங்கிவிட்டதாம். தொடங்கிவிட்டதால் தையல்கள் இனிமேல் தையல்கள் அல்ல, பரிசீலனைப் பொருள். பரிசீலனைப் பொருள் காணாமல் போனால் விசாரணை ரத்தாகும். அதோடு ஜோலீனின் விண்ணப்பமும் ரத்தாகும். ரத்தானவர்கள் மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்ற விதியை எழுதும் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

வனீட்டா மெர்லைப் பார்த்தாள். மெர்ல் ஜோலீனின் முதுகைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அந்த அனுமதி ஜோலீனுக்கு ஏன் வேண்டும் என்பது அடுத்த வாரமே எல்லோருக்கும் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து அறுவடை சீசனுக்கு வந்திருந்த வெசல் என்ற மிஷின் ஓட்டுநரின் காதுக்குள் கோதுமைக் கதிரின் முள் ஒன்று போய்விட்டது. முள் உள்ளே போகும், வெளியே வராது. அதன் செதில்கள் அப்படி. வெசல் தலையைச் சாய்த்தபடி வயலில் வட்டமடித்தான். ஜோலீனிடம் வேண்டிய எல்லா ஆயுதங்களும் இருந்தன. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காதுக்குள் பார்ப்பது பரிசோதனை. பார்க்காமல் இருப்பது மட்டுமே சட்டபூர்வமானது.

மிஷினை நிறுத்திவிட்டு அவனை இரண்டு மணி நேரம் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முள்ளை அரை நிமிடத்தில் எடுத்தவரும் ஒரு மருத்துவ உதவியாளர்தான். திரும்பி வந்த வெசல், “அவங்க கையும் ஜோலீன் கை மாதிரியேதான் இருந்துச்சு பாஸ்,” என்று மெர்லிடம் சொன்னான். குறை சொல்கிற தொனியே இல்லை, ஆச்சரியம்தான்.

பிறகு ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கோதுமையை அறுக்க முடியாது. மெர்லுக்கு ஒரு யோசனை தோன்றியது. கான்சஸ் தையல்தானே, கான்சஸுக்கே போய்ப் பிரித்துவிட்டால்? அவரும் ஜோலீனும் வனீட்டாவும் லாரியில் ஏறித் தெற்கே ஓட்டினார்கள். கான்சஸ் உங்களை வரவேற்கிறது என்ற பலகையைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் உள்ளே போய், சந்தேகத்துக்கு இடமில்லாமல் கான்சஸ் மண்ணில் நின்று, குடையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜோலீன் கத்தரிக்கோலை எடுத்தாள். மறுபடி நின்றாள்.

“வேணாம்,” என்றார் மெர்ல். “சத்தியமா சொல்றேன், அந்தம்மாவக் கேக்காத.”

கேட்டாள். ரொம்ப நல்ல கேள்வி என்றார் க்ளெம். தையல்கள் எல்லை தாண்டிய அந்தக் கணத்திலேயே விவகாரம் பல மாநில விவகாரமாகிவிட்டது. பல மாநிலமானதை ஒரே மாநிலமாகச் சுருக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை. இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்து கேட்ட அக்கறையைக் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பும் வழியில் வனீட்டா பேக்கரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஆளுக்கொரு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். மெர்ல் இடது கையால் சாப்பிட்டார். தையல்களுக்கும் ஏதாவது கிடைக்கட்டும் என்று.

கோதுமை வடக்கே போனது. தையல்களும் போயின. தோல் அவற்றைத் தன் சொந்தப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. அரிப்பு வேறு. மெர்ல் ஓர் அளவுகோலை மிஷின் கேபினிலேயே வைத்துக்கொண்டார், சொறிவதற்கு.

தெற்கு டகோட்டாவில் ஒரு பிற்பகல், ஆணையம் முழுவதும் வீடியோவில் கூடியது. கூட்டத்துக்காக அறுவடையை நிறுத்த மெர்ல் சம்மதிக்கவில்லை. மேற்கே ஆலங்கட்டி மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஆகவே கேபின் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்து, ஒரு கையால் மிஷினை ஓட்டிக்கொண்டே மறு கையைத் திரையில் காட்டினார். ஜோலீன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் பன்னிரண்டு சதுரங்கள். இரண்டு சதுரங்களில் வீட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. ஒன்றில் யாரோ சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் எல்வுட் பாசெட் ஒரு வழக்கறிஞர். வெள்ளை மீசை, பின்னால் நூலகம். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நம்ம நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான். நோயாளிக்கும் சிகிச்சைக்கும் நடுவுல எதுவும் நிக்கக் கூடாது. அப்படி எதுவும் நிக்காமப் பாத்துக்கத்தான் நாம நடுவுல நிக்கிறோம்.”

சதுரங்கள் கைதட்டின. அதற்குள் வயலின் ஓரம் வந்துவிட்டதால் மெர்ல் மிஷினைத் திருப்பினார். திருப்பும்போது இணைப்பு அறுந்தது. நேரானதும் திரும்ப வந்தது. ஆகவே அந்தக் கூட்டத்தின் விவாதங்களை அவர் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் கேட்க நேர்ந்தது. எதையும் இழந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு சுற்றில், மருத்துவ உதவியாளர் என்ற பதவிப் பெயர் போதுமான கம்பீரத்தோடு இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சுற்றில், தையல்கள் தங்கள் மாநிலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தங்கியிருப்பதால் அவை வசிப்புரிமை பெற்றுவிட்டன என்று சமவெளி மாநிலம் ஒன்றின் பிரதிநிதி வாதாடினார். தையல்கள் வந்துபோன மாநிலங்களுக்கு மட்டும்தான் உரிமை என்றால் ஒப்பந்தத்தில் சேர்ந்ததற்கு அர்த்தமென்ன என்று மலை மாநிலத்துக்காரர் கேட்டார். ஏரி மாநிலத்துக்காரர் பேசும்போது மெர்ல் திரும்பிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றில் தீர்மானம் நிறைவேறியிருந்தது. எல்லா மாநிலங்களும் சமம். ஆகவே ஆளுக்கொரு தையல். ஒவ்வொரு மாநிலமும் தன் தையலைப் பிரிக்க நேரில் வந்து ஒப்புதல் தரும்.

“நேர்லயா?” என்றார் மெர்ல்.

“வரலாற்றுச் சிறப்புள்ள நிகழ்ச்சி சார்,” என்றார் க்ளெம். “பஸ் ஏற்பாடு பண்ணிட்டோம்.”

வடக்கு டகோட்டாவின் கடைசி வயலுக்கு, ஆகஸ்ட் மாதத்தின் ஒரு காலையில், ஆணையம் வந்து இறங்கியது. அங்கே காற்று ஓய்வதில்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பெயர்ப் பலகைகள் முதலில் பறந்தன. பிறகு நிகழ்ச்சி நிரல். பிறகு ஏரி மாநிலத்தின் தொப்பி. அறுத்த வயலில் போட்ட கூடாரத்தை வெசலும் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றினார்கள். வனீட்டா முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரொட்டிகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் கொண்டுவந்திருந்த சாண்ட்விச் பெட்டிகளை யாரும் திறக்கவில்லை.

முதல் வேலையாக ஜோலீனுக்குத் தற்காலிக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் கத்தரிக்கோலைத் தொட முடியாது. விசாரணை முடியும்வரை பன்னிரண்டு மாநிலங்களிலும் எல்லா சிகிச்சைகளுக்கும் செல்லும் என்று வாசித்து, அவளிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். ஜோலீன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காற்று பிடுங்கிவிடும் என்று பயந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வசந்தத்திலிருந்து அவள் காத்திருந்த அனுமதி அது.

மெர்ல் கையை மேசைமேல் வைத்தார். பிரதிநிதிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்கள் மாநிலத்தின் மலரையும் பறவையையும் பற்றி நாலு வார்த்தை பேசி, ஒப்புதல் தந்தார்கள். ஜோலீன் வெட்டி, இடுக்கியால் இழுத்து எடுத்தாள். ஒவ்வொரு நூலையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மலை மாநிலத்துக்காரர் கண் கலங்கினார்.

பதினோராவது நூலும் போனது. மெர்ல் கையை எடுக்கப் போனார்.

“என்னோடது?” என்றது ஒரு குரல்.

கடலோர மாநிலத்தின் பிரதிநிதி குயின்பி எழுந்து நின்றார். வில் டை கட்டிய, மெலிந்த, வயதான மனிதர். பஸ்ஸில் உட்கார வீட்டிலிருந்தே மெத்தை கொண்டுவந்திருந்தார். வரிசையில் கடைசியில் நின்றது அவர் தவறில்லை, அகர வரிசை. மேசையில் நூல் எதுவும் பாக்கியில்லை. பன்னிரண்டு மாநிலங்களுக்குப் பதினோரு தையல் என்பதைப் இரண்டு மாதங்களாக, மூன்று துணைக்குழுக்களில், யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

“எங்க மாநிலம் சின்னதுதான்,” என்றார் குயின்பி. “எங்க ஊர்ல கோதுமை கிடையாது. இந்த மாதிரி மிஷின நான் இன்னிக்குத்தான் கண்ணால பாக்கிறேன். அதுக்காக ஒரு தையல் கூடவா எங்களுக்குக் கிடையாது? நண்டு பிடிக்கிற சனங்ககிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்வேன்?”

ஏற்கெனவே எடுத்த தையல் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பகிரலாம் என்று யாரோ சொன்னார்கள். யாரும் தங்கள் குப்பியைத் திறக்க முன்வரவில்லை. சமவெளிக்காரர் தன்னுடையதைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். தலைவர் பாசெட் மீசையைத் தடவினார். அப்போது க்ளெம் எழுந்து, அதே மென்மையான குரலில், ஒரு தையல் குறைகிறது என்றால் ஒரு தையல் போட்டுவிடலாமே என்றார்.

“காயம் இல்லாத இடத்துலயா?” என்றார் மெர்ல்.

“காயம்கிறது ஒரு மருத்துவ நிபந்தனை சார். இது சமத்துவத்துக்காக.”

ஜோலீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நல்ல தோலில் ஊசி போட மாட்டேன் என்றாள். எதையும் நின்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறவள் அவள். ஆனால் இந்த முறை யாரையும் கேட்கவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுப்பதுபோல மேசைமேல், பறக்காமல் இருக்க ஒரு ரொட்டியின் கீழே வைத்தாள்.

மெர்ல் அந்த அட்டையைப் பார்த்தார். அதன் மூலை காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வெசல் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது. கையைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

“போடும்மா. சின்னதாப் போடு. நண்டு பிடிக்கிறவங்களும் மனுசங்கதானே.”

“உங்களுக்குப் பைத்தியமா?”

“ரெண்டு மாசமா இவங்களோட பழகுறேன். இருக்காதா?”

மரத்துப்போகும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பழைய தழும்புக்குக் கொஞ்சம் கீழே, ஓர் எறும்பு அளவுக்கு நீல நூலில் ஒரே ஒரு தையல் போட்டாள் ஜோலீன். குயின்பி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்து, தன் மாநிலத்தின் பறவையைப் பற்றி ஆரம்பித்தார். அது ஒரு கடற்பறவை. ஒப்புதலும் கொடுத்தார்.

“இதப் பிரிக்கக் கூடாதே,” என்றார் மலை மாநிலத்துக்காரர். அவர் ஒரு காலத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். அந்தக் கூடாரத்திலேயே ஜோலீனைத் தவிர அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான். “போட்ட தையல் பத்து நாளாவது இருக்கணும். அதான் முறை.”

ஆணையம் மருத்துவ முறைகளுக்கு எப்போதும் தலைவணங்கும் என்றார் பாசெட். தலைவணங்கினார்கள். விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. க்ளெம் சாமான்களைத் திரட்ட ஆரம்பித்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்,” என்றார் மெர்ல். கோடை முழுவதும் அவர் க்ளெமிடம் தானாகக் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு. “இந்தத் தையல் இருக்கிற வரைக்கும் விசாரணை முடியலைன்னுதானே அர்த்தம்?”

“ஆமா சார்.”

“விசாரணை முடியாத வரைக்கும் ஜோலீனோட அட்டை செல்லும்?”

“பன்னிரண்டு மாநிலத்துலயும்.”

“இதப் பிரிச்சுட்டா?”

“விசாரணை முடிஞ்சிடும். அட்டை காலாவதி. அப்புறம் அவங்க முறைப்படி நிரந்தர அனுமதி வாங்கிக்கலாம்.”

“அந்த முறை இப்ப ஓடுதா?”

“அமல்ல இருக்கு சார்,” என்றார் க்ளெம். “செயல்பாட்டுக்குத்தான்…”

மெர்ல் அவரை முடிக்க விடவில்லை. சட்டைக் கையை மெல்ல இறக்கினார். நீலப் புள்ளி மறைந்தது. பொத்தானைப் போட்டார், பக்கத்தில் இருந்த இரண்டாவது பொத்தானையும் போட்டார்.

“ஒண்ணும் அவசரமில்லம்மா,” என்றார். “நிதானமா வாங்க.”

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கூடாரக் கயிற்றை விட்ட வெசல் காதைப் பிடித்துக்கொண்டு வந்தான். மறுபடியும் கதிர் முள். ஜோலீன் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவனை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து, விளக்கை அடித்து, இடுக்கியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினாள். வனீட்டா அடுத்த தட்டைத் துடைத்து முடிப்பதற்குள் அவன் மிஷினுக்குத் திரும்பிவிட்டான். யாரையும் கேட்கவில்லை.

ஆணையம் நேர்மையானது. பத்து நாள் கழித்து க்ளெம் போன் செய்தார். குயின்பி புறப்படத் தயாராக இருக்கிறார், மெத்தையைக்கூடக் கட்டிவிட்டார், வரலாமா என்று கேட்டார்.

“புண்ணு இன்னும் ஆறலைங்க,” என்றார் மெர்ல்.

“புண்ணே இல்லையே சார்?”

“அதனாலதான் லேட்டாகுது.”

மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, ரொம்ப நல்ல காரணம் என்றார் க்ளெம்.

குளிர்காலம் போய், வசந்தம் போய், கோதுமை மறுபடியும் தெற்கிலிருந்து கிளம்பியது. கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது நூல் மாட்டிக்கொள்ளாமல் வனீட்டா பார்த்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குக் கடலோர மாநிலத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்திருந்தது. அதில் மெர்லின் பெயருக்குக் கீழே, தையலின் நலத்தையும் விசாரித்திருந்தார்கள்.

ஜூனில், கான்சஸில் தானியக் கிடங்கு ஒன்றின் எடை மேடையில் லாரியை நிறுத்தி, மெர்ல் கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். எடை போடுகிறவர் எட்டிப் பார்த்தார். அங்கே என்னங்க நூல் தொங்குது, கத்தரிக்கோல் தரட்டுமா என்று கேட்டார்.

மெர்ல் கையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

“தொட்டுடாதீங்க,” என்றார். “அது என்னோடது இல்ல. கடலோர மாநிலத்தோடது.”